பால் பைதான் பெட்டிக்கு தெர்மோஸ்டாட்: எது வாங்கலாம், ப்ரோப் எங்க வைக்கணும்?

மார்த்தாண்டம்காரன்
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஒரு பால் பைதான் (Ball python, வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) இருக்கு, ஆண். மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணி பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. இதுவரைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல வச்சிருந்தேன், இப்ப நல்லா வளந்துட்டான், அதனால நாலடி நீளம் ரெண்டடி அகலம் ரெண்டடி உயரம்னு மல்டிவுட்ல பெட்டி அடிச்சு முன்னாடி ஸ்லைடிங் கண்ணாடி போட்டாச்சு. ரூம் மாடியில, மேல வெறும் கான்கிரீட். ஏப்ரல் மே மாசத்துல ராத்திரி பத்து மணிக்கும் ரூம் 33 காட்டும், ஆனா ஆனி ஆடி மழையிலயும் ஐப்பசி கார்த்திகை மழையிலயும் விடியகாலை 23, 24ன்னு இறங்கிரும். கையில 20 வாட் ஹீட் மேட் ஒண்ணும் 100 வாட் செராமிக் ஹீட்டர் ஒண்ணும் இருக்கு. தெர்மோஸ்டாட் இனிமேதான் வாங்கணும். கோழி இன்குபேட்டர் பண்றவங்க போடுற டபிள்யூ 1209 போதும்னு சிலர் சொல்றாங்க, வேற சிலர் வெளிநாட்டு ஐட்டம்தான் வாங்கணும்ங்கிறாங்க. பாம்பை இன்னும் புது பெட்டிக்கு மாத்தல, எல்லாம் ஓட்டிப் பாத்துட்டுதான் மாத்துவேன். எது வாங்கலாம், அதோட சூடு அளக்குற ப்ரோப்ப எங்க வைக்கலாம்னு சொல்லுங்க.

ஆரல்வாய்மொழி காத்து
தம்பி, நம்ம மாவட்டத்துக்கு ஹீட்டரே தேவையான்னு மொதல்ல யோசிங்க. வெள்ளைக்காரங்க வீடியோவுல ரூம் 15 டிகிரி இருக்கும், அவங்களுக்கு அது வேணும். நமக்கு வருஷத்துல பாதி நாள் ரூமே 29, 30. நான் கார்ன் ஸ்னேக் வச்சிருக்கேன், மழைக்காலத்துல மட்டும் சின்ன மேட் போடுவேன், மத்த நாள் ப்ளக்கை உருவி வச்சிருவேன், நல்லாத்தான் சாப்பிடுது. காசை கண்ணாடிக்கும் பூட்டுக்கும் செலவு பண்ணுங்க.

குலசேகரம் ரப்பர்
அண்ணாச்சி சொல்லுகது ஆரல்வாய்மொழிக்கு சரி, நாரோயிலுக்கும் சரி. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் வந்து பாருங்க. எங்க வீடு ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ஓட்டு வீடு, வெயிலே உள்ள வராது. மழை பிடிச்சா மூணு நாள் தரை ஈரம் காயாது, மார்கழியில காலத்த ரூம் 21ல நிக்கும். என்கிட்ட உள்ளது பியர்டட் டிராகன், ஓணான் வகை, அதுக்கு வெயில் காயுற இடம் 38லருந்து 42 வரைக்கும் வேணும், இல்லன்னா தின்னது செமிக்காது. ஒரே மாவட்டம்னு சொன்னாலும் மலைக்கும் கடலுக்கும் நடுவுல பெட்டிக்குள்ள உள்ள கணக்கு வேற வேற ஆக்கும். மார்த்தாண்டம் ரெண்டுக்கும் இடையில.

கோட்டாறு வெட்
நான் கால்நடை மருத்துவர், அதனால நோய் பக்கத்துலருந்து சொல்றேன். ரெண்டு பேர் சொல்றதும் உண்மை, ஆனா கேள்வி ஹீட்டர் வேணுமா வேண்டாமாங்கிறது இல்ல. ஹீட்டர்னு ஒண்ணு பெட்டிக்குள்ள வந்துட்டா தெர்மோஸ்டாட் இல்லாம இருக்கவே கூடாது, அதுவும் நம்ம ஊர்ல கட்டாயம் கூடாது. குளிர் நாட்டுல 100 வாட் ஓயாம எரிஞ்சாலும் ரூம் அதை இழுத்துக்கும். இங்க ரூமே 32 இருக்கறப்ப அதே 100 வாட் அடைச்ச பெட்டியில ஓயாம எரிஞ்சா பாம்பு செத்துரும். நம்ம ஊர்ல தெர்மோஸ்டாட்டோட முதல் வேலை சூட்டை நிறுத்துறதுதான். வாங்குறப்ப இதை மனசுல வச்சுக்கிட்டு வாங்குங்க.

பால் பைதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா பக்கத்து உயிர். பகல்ல எலி வளையிலயும் கரையான் புத்துலயும் சுருண்டு கிடக்கும். அதனால ஒரு பக்கம் 31லருந்து 33, மறுபக்கம் 25லருந்து 27, ராத்திரி 24க்கு கீழ போகாம இருந்தா போதும். அது தன் இஷ்டத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்க்கும். ரெண்டு பக்கத்துலயும் ஒளிய இடம் இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் குகை வச்சா பயந்துக்கிட்டு சூடு பிடிக்காத பக்கத்துலயே கிடக்கும்.

நான் அதிகமா பாக்குறது வயித்துல தீக்காயம். பாம்பு சுடுற தரையிலருந்து டக்குன்னு விலகிரும்னு நம்பாதீங்க, வயித்துக்கு கீழ வெந்துக்கிட்டே இருந்தாலும் அப்படியே படுத்துக் கிடக்கும். வயித்து செதில் மஞ்சளாவோ பழுப்பாவோ நிறம் மாறி, அடியில நீர் கோர்த்து நிக்கும், அப்பதான் தூக்கிக்கிட்டு வருவாங்க. ஆற மாசக்கணக்குல ஆகும், ரெண்டு மூணு தடவ தோல் உரிச்சாதான் தேறும். குளிர்ல வர்ற கஷ்டம் வேற மாதிரி, வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்குல குமிழி வரும், தின்ன எலியை கக்கிரும்.

தக்கலை வயர்மேன்
டாக்டர் சொன்னதுக்கு மேல ஒண்ணு கேட்டியா மக்கா. நீ அடிச்சது மல்டிவுட் பெட்டி, அதுல ஹீட் மேட்டை அடியில ஒட்டிராத. மல்டிவுட்ங்கது பி.வி.சி நுரை, சூட்டை கடத்தவே கடத்தாது. மேட் கீழ கிடந்து வேகும், மேல பாம்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது, ப்ரோப் மேல இருந்தா அது இன்னும் சூடு வேணும் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்கும், மேட் நிக்காம ஓடும். பி.வி.சி எழுவது எம்பது டிகிரியில இளக ஆரம்பிக்கும், பலகை வளையும். கண்ணாடித் தொட்டின்னா அடியில மேட் ஒட்டலாம், பிளாஸ்டிக் டப்பாவுக்கும் ஓரளவு சரி, மல்டிவுட்டுக்கும் பிளைவுட்டுக்கும் ஆகாது. உனக்கு மேல இருந்து வர்ற சூடுதான் சரி, செராமிக்கை போடு.

ஆனா அதையும் மல்டிவுட் கூரையில நேரா முறுக்கிராத. செராமிக்கோட மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல போகும். பீங்கான் ஹோல்டர்தான் வேணும், பேக்கலைட் ஹோல்டர் கருகி உதிரும். கூரைக்கும் ஹோல்டருக்கும் நடுவுல சிமெண்ட் போர்டு ஒரு துண்டு வெட்டி வச்சு ஸ்க்ரூ போடு. அதுக்குள்ள போற வயர் சூடு தாங்குற சிலிக்கான் வயரா இருக்கட்டும், வீட்டு வயரிங்குல மிச்சம் கிடக்குற பி.வி.சி வயர் வேண்டாம். சுத்தி வெல்டு மெஷ்ல கூண்டு கட்டு, கண்ணி சின்னதா, பாம்பு தலை நுழையாத மாதிரி, ஹீட்டர்லருந்து நாலு விரல் தள்ளி. பால் பைதான் மேல ஏறி சூட்டை கட்டிப்பிடிச்சுக்கும், விடவே விடாது.

மார்த்தாண்டம்காரன்
ரொம்ப நன்றி அண்ணே. மேட்டை அப்ப ஒதுக்கி வச்சிரலாம். செராமிக் மட்டும்னா தெர்மோஸ்டாட் எந்த வகை? ஆன் ஆஃப், பல்ஸ், டிம்மிங்னு மூணு சொல்றாங்களே, நமக்கு எது?

நாகர்கோவில் பெட் ரூம்
நான் ரெண்டு வகையும் ஓட்டுறேன், அதனால சொல்றேன். ஆன் ஆஃப் வகை ரிலேங்கிற தானா இயங்குற ஸ்விட்ச் வச்சு கரண்டை குடுக்கும், நிறுத்தும், அவ்வளவுதான். பல்ஸ் வகை சில நொடி குடுத்து சில நொடி நிறுத்தி செட் பண்ண அளவை நெருங்க நெருங்க குடுக்குற நேரத்தை குறைச்சுக்கிட்டே வரும். டிம்மிங்ங்கிறது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, எப்பவும் கொஞ்சம் ஓடிக்கிட்டே இருக்கும், கூட்டும் குறைக்கும். வெளிச்சம் வர்ற பல்பு, ஹாலோஜன் இதுக்கெல்லாம் டிம்மிங்தான், ஏன்னா ஆன் ஆஃப்ல போட்டா விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியும், உயிரும் மிரளும், ஃபிலமெண்டும் சீக்கிரம் போகும். செராமிக்குக்கு பல்ஸ் ரொம்ப நல்லது, ஆன் ஆஃபும் ஓடும். யு.வி.பி (புற ஊதாக் கதிர்) குழல் விளக்கையும் எல்.இ.டியையும் எந்த தெர்மோஸ்டாட்லயும் குடுக்காதீங்க, அதுக்கு டைமர் தனியா.

வெளிநாட்டு ஐட்டம்னா ஹாபிஸ்டாட், ஹெர்ப்ஸ்டாட் ரெண்டும் ஊர்வன வளக்குறவங்களுக்குன்னே பண்ணது, நம்பகமானது, ஆனா விலையும் வரியும் அதிகம். இங்க்பேர்ட் 308 ஆன்லைன்ல கிடைக்கும், அது ஆன் ஆஃப்தான், ஆனா நேரா ப்ளக்குல சொருகலாம், ஹீட்டிங் கூலிங் ரெண்டு சாக்கெட்டும் உண்டு, அலாரமும் உண்டு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க யோசிக்கிறவங்களுக்கு அதை சொல்வேன்.

தக்கலை வயர்மேன்
இன்குபேட்டர் நெறைய கட்டிக் குடுத்தவன்கிறதால உள்ளத சொல்லுகேன். டபிள்யூ 1209 கெட்ட ஐட்டம் ஒண்ணுமில்ல. 12 வோல்ட்ல ஓடும், தனி அடாப்டர் வேணும், அடாப்டர் போச்சுன்னா ரிலே விட்டுரும், ஹீட்டர் அணையும், நம்ம ஊருக்கு அது நல்லதுதான். குறை என்னன்னா வெறும் போர்டு, அடியில சால்டர் எல்லாம் திறந்து கிடக்கும், அதுல 230 வோல்ட் ஓடுது. ஸ்விட்ச் பாக்ஸ்குள்ள வச்சு மூடாம மேசையில போட்டு ஓட்டுறவங்களைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறும், குட்டிப் பிள்ளைங்க உள்ள வீடு. வாங்கினதும் பி0ங்கிற செட்டிங்கை ஹெச்சுக்கு, அதாவது ஹீட்டிங்குக்கு மாத்தணும், அது நெறைய பேருக்கு சி-ல, அதாவது கூலிங்ல வரும். பி1, அதாவது ஹீட்டர் அணையிறதுக்கும் மறுபடி போடுறதுக்கும் உள்ள இடைவெளி, ரெண்டு டிகிரின்னு இருக்கும், அத ஒண்ணுக்கு கொண்டு வா. ரொம்ப சின்னதா 0.1ன்னு வச்சா ரிலே டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும், காண்டாக்ட் சீக்கிரம் ஒட்டிரும்.

எஸ்.டி.சி 1000 கொஞ்சம் கூட காசு, ஆனா மூடின உடம்பு, நேரா 230ல ஓடும், உனக்கு நான் அதுதான் சொல்லுவேன். பின்னாடி ஒண்ணு ரெண்டு கரண்ட், மூணு நாலு ப்ரோப், அஞ்சு ஆறு ஹீட்டிங், ஏழு எட்டு கூலிங். அஞ்சு ஆறுல தானா கரண்ட் வராது பாத்துக்கிடு, அது வெறும் ஸ்விட்ச் மட்டும்தான். ஃபேஸை அஞ்சுக்கு கொண்டு போய் ஆறுலருந்து ஹீட்டருக்கு குடு, நியூட்ரல் நேரா போகட்டும். நியூட்ரலை கட் பண்ணி ஃபேஸை நேரா விட்டேன்னா ஹீட்டர் அணைஞ்சு கிடந்தாலும் ஹோல்டர்ல ஷாக் இருக்கும். 100 வாட்டுக்கு அரை ஆம்பியர் கூட வராது, ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் போடு. வீட்டுக்கு இ.எல்.சி.பி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற ஸ்விட்ச், இல்லன்னா பெட்டிக்கு முன்னாடி அத போட்டுட்டு மத்த வேலையை பாரு. எர்த்தை மெஷ் கூண்டுல மறக்காம பிடி. இந்த வேலைக்கு கை பழக்கம் இல்லன்னா தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை கூப்பிடு, அதுல வெக்கமே வேண்டாம்.

நாகர்கோவில் பெட் ரூம்
அண்ணே, பல்ஸ் வேணும்னா இன்குபேட்டர்காரங்க போடுற பி.ஐ.டி கன்ட்ரோலரும் (சூட்டை கணக்கு பாத்து கூட்டிக் குறைக்கிறது) எஸ்.எஸ்.ஆரும் (சாலிட் ஸ்டேட் ரிலே) சேத்து பண்ணலாமே? ரெக்ஸ் சி100 மாதிரி. விலையும் ஹாபிஸ்டாட்டோட பாத்தா ரொம்ப கம்மி.

தக்கலை வயர்மேன்
பண்ணலாம் தம்பி, சூடு அசையாம நிக்கும், முட்டைக்கு அது பிரமாதம். ரெண்டு விஷயம் பாத்துக்கிடணும். ஒண்ணு, வாங்குறப்ப எஸ்.எஸ்.ஆர் அவுட்புட் உள்ளதா ரிலே அவுட்புட் உள்ளதான்னு கேட்டு வாங்கணும், வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். ரெண்டாவது, எஸ்.எஸ்.ஆர் செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது கன்ட்ரோலர் அணைச்சாலும் ஹீட்டர் ஃபுல்லா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ரிலேயும் ஒட்டிக்கிட்டா அதே கதை. எந்த வகை வாங்கினாலும் ஒரு நாள் அது ஆன்ல சிக்கிக்கிடும்னு நெனச்சுத்தான் வயரிங் பண்ணணும். அதனால என் கையால பண்ணுற எல்லாத்துலயும் வரிசையில ரெண்டாவது கட்டும் ஒண்ணு உண்டு. இன்னொரு எஸ்.டி.சியோ 1209ஓ, அதுக்கு தனி ப்ரோப், முதல் செட்டிங்கை விட மூணு நாலு டிகிரி மேல. ஹீட்டருக்கு போற ஃபேஸ் ரெண்டு ரிலேயையும் தாண்டித்தான் போகணும். காசு இல்லன்னா கே.எஸ்.டி 301ன்னு பித்தளைக் காசு அளவுல ஒரு தெர்மல் கட் கிடைக்கும், சூடு ஏறினா விடுற வகை, என்.சி, 40 டிகிரி. அது சில்லறைக் காசுதான்.

ஆரல்வாய்மொழி காத்து
ரெண்டு கட் போடுறது நல்ல யோசனை. நான் ஹீட்டர் வேண்டாம்னு சொன்னதும் இந்தப் பயத்துலதான். இப்படி பண்ணா எனக்கும் சம்மதம்.

முட்டம் கரை
கடலோரத்துல உள்ளவங்க ஒண்ணு சேத்துக்கோங்க. எங்க முட்டம், குளச்சல் பக்கம் உப்புக் காத்துல எல்லா டெர்மினலும் பச்சை பூத்துரும். தெர்மோஸ்டாட் ஸ்க்ரூவை மழைக்கு முன்னாடி ஒரு தடவ கழட்டி தேய்ச்சு இறுக்கணும், ப்ரோப் வயர் சேருற இடத்துல ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடணும். ப்ரோப் காண்டாக்ட்ல துரு பிடிச்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், இந்த என்.டி.சி ப்ரோப்புக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறினா குளிர்னு அர்த்தம், அப்ப கன்ட்ரோலர் இன்னும் சூடு குடுக்கும். துருவால பெட்டி வெந்துரும்.

அப்பறம் ஒரு கேள்வி. என் பொண்ணுக்கு யாரோ சிவப்புக் காது ஆமை குடுத்தாங்க. தொட்டிக்கு வாட்டர் ஹீட்டர் போடணுமா?

கோட்டாறு வெட்
முட்டத்துல தண்ணி சாதாரணமாவே 26, 27 இருக்கும், பெரிய ஆமைக்கு அது போதும், வாட்டர் ஹீட்டர் வேண்டாம். தண்ணிக்கு வெளிய ஏறி காய ஒரு மேடும், அதுக்கு மேல 32லருந்து 35 வர்ற மாதிரி விளக்கும், யு.வி.பியும்தான் அதுக்கு முக்கியம், ஓடு மெத்துன்னு ஆகுறது அதெல்லாம் இல்லாததாலதான். குட்டிக்கு மழைக்காலத்துல ஹீட்டர் போட்டா கண்ணாடிக் குழல் மேல கூடு போடுங்க, ஆமை மோதி உடைச்சிரும். தண்ணியை மாத்துறப்ப ப்ளக்கை உருவிட்டு, குழல் ஆறினதுக்கு அப்பறம் தண்ணியை எடுங்க. இன்னொண்ணு, வளந்ததுக்கு அப்பறம் குளத்துலயோ கால்வாய்லயோ விட்டுராதீங்க, நம்ம ஊர் ஆமைகளோட இடத்தையும் தீனியையும் அது பிடிச்சுக்கும்.

புதுசு 629
இங்கயே கேட்டுக்கிறேன். சொந்தக்காரர் வீட்ல ஒரு நட்சத்திர ஆமை இருக்கு, அதுக்கும் இதே மாதிரி தெர்மோஸ்டாட் வைக்கலாமா?

கோட்டாறு வெட்
நட்சத்திர ஆமையை வீட்ல வைக்கவே கூடாது. நம்ம நாட்டுக் காட்டு உயிர், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, 2019லருந்து சைட்ஸ்ங்கிற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்லயும் இருக்கு. பால் பைதானைப் பதியிற மாதிரி அதை பதியவும் முடியாது. நம்ம நாட்டு மலைப்பாம்பு, உடும்பு எதுவா இருந்தாலும் இதேதான். அவர்கிட்ட பேசி நாகர்கோவில்ல வன அலுவலகத்துல ஒப்படைக்க சொல்லுங்க. வளர்ப்பு டிப்ஸ் நான் சொல்ல மாட்டேன்.

குலசேகரம் ரப்பர்
கொள்ளாம் டாக்டரே. ஆமையை காட்டுல உள்ளது காட்டுலயே பாத்து வளந்த ஊர் இது.

மார்த்தாண்டம்காரன்
எஸ்.டி.சி ரெண்டு வாங்கியாச்சு, எலக்ட்ரீஷியன் வந்து அண்ணன் சொன்ன மாதிரியே வயரிங் பண்ணிக் குடுத்தார், மெஷ் கூண்டும் ஆச்சு. காலிப் பெட்டியாத்தான் ஓடுது. இப்ப ஒரு குழப்பம். ப்ரோப்ப சூடான பக்கத்து சுவர்ல, பாதி உயரத்துல கட்டியிருக்கு. 32ன்னு செட் பண்ணா கன்ட்ரோலர் 32 காட்டுது. ஆனா தொடாம சூடு பாக்குற ஐ.ஆர் துப்பாக்கிய வச்சு குகை மேல அடிச்சா 39, 40 காட்டுது. தரையில தேங்காய் மட்டைத் தூள் மேல 36. எதை நம்பணும்?

நாகர்கோவில் பெட் ரூம்
ரெண்டும் உண்மைதான். ப்ரோப் காத்தோட சூட்டை சொல்லுது, செராமிக் கதிரா சூட்டை இறக்குது, அது நேரா படுற இடம் காத்தை விட சூடாத்தான் இருக்கும். கூண்டுக்கு நேர் கீழ உள்ள குகை கூரை அதிகம் வாங்குது. ஐ.ஆர் துப்பாக்கி மேற்பரப்பைத்தான் பாக்கும். கண்ணாடிக்கு வெளிய நின்னு அடிச்சீங்கன்னா கண்ணாடியோட சூட்டைத்தான் காட்டும், கதவைத் திறந்து அடிங்க. ஸ்டீல் மாதிரி பளபளன்னு உள்ளதுல அடிச்சா தப்பா காட்டும்.

கோட்டாறு வெட்
பாம்பு முதுகு எங்க படுமோ அந்த இடத்துக்கு ப்ரோப்ப கொண்டு வாங்க. குகை ஓரத்துல, தரையிலருந்து ஒரு பாம்பு தடிமன் உயரத்துல, ஹீட்டரோட கதிர் படுற மாதிரி. செட்டிங்கையும் அங்க இருந்து பாத்து இறக்குங்க. குகை கூரையில 40 இருந்தா அது மேல ஏறிப் படுக்கும், அது வேண்டாம். ஹீட்டரை இன்னும் உயரமா தூக்க முடியலன்னா 60 வாட் செராமிக் மாத்திப் பாருங்க. நம்ம ஊருக்கு 100 தேவையே இல்லன்னு நெனைக்கிறேன், சின்னதா இருந்தா அது சிக்கிக்கிட்டாலும் சேதம் கம்மி.

முக்கியமா ஒண்ணு. ப்ரோப்ப ஒட்ட செல்லோடேப்போ வேற எந்த டேப்போ பெட்டிக்குள்ள போடாதீங்க, வெளிய மட்டும் போடலாம். ஈரத்துல ஓரம் விட்டு பாம்பு ஒட்டிக்கும், பிடுங்கினா செதிலோட தோல் வந்துரும். சமையல் எண்ணெய தடவி பொறுமையா கொஞ்சம் கொஞ்சமாதான் எடுக்க முடியும், பாக்கவே பாவமா இருக்கும். வயர் கிளிப் அடிங்க, ஆணி உள்ள நீட்டாம. ப்ரோப்புக்கு முன்னாடி ரெண்டு கிளிப்பு நெருக்கமா, பாம்பு இழுத்தாலும் அசையக்கூடாது. ப்ரோப் அசைஞ்சு சூடில்லாத பக்கம் விழுந்துட்டா ஹீட்டர் நிக்கவே நிக்காது. தண்ணிக் கிண்ணத்துல விழுந்தாலும் அதே.

தக்கலை வயர்மேன்
அத சோதிச்சும் பாத்துரு மக்கா. காலிப் பெட்டியா இருக்கறப்பவே முதல் ப்ரோப்ப கிளிப்புலருந்து எடுத்து வெளிய தொங்க விடு. ஹீட்டர் ஓடும், ரெண்டாவது கட் அதோட அளவுல நிறுத்துதான்னு பக்கத்துல நின்னு பாரு. அப்பறம் ப்ரோப் வயரை மூணாம் நம்பர் ஸ்க்ரூலருந்து உருவி பாரு, திரையில தப்புன்னு காட்டி ரிலே விடணும், விடலன்னா அந்தப் பீஸை மாத்து. மெயின் ஸ்விட்சை அணைச்சுப் போடு, செட்டிங் அப்படியே வருதான்னு பாரு. எஸ்.டி.சிக்கு நினைவு நிக்கும், வேற சில மாடல் கரண்ட் போய் வந்தா கம்பெனி செட்டிங்குக்கு போயிரும்.

ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி கரண்டை அணைச்சிரு, இத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

குலசேகரம் ரப்பர்
புது ப்ரோப்ப அப்படியே நம்பாதீங்க, ஒண்ணு ரெண்டு டிகிரி கூட்டிக் குறைச்சு காட்டும். ஐஸ் வெள்ளத்துல வச்சு பூஜ்யம் பாக்கலாம்னு சொல்லுவாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா நமக்கு வேண்டியது 30ங்களுக்கு பக்கத்துல. நான் பண்ணுறது, ஸ்டீல் தம்ளர்ல இளஞ்சூட்டு வெள்ளம் எடுத்து ப்ரோப்பையும் வீட்ல காய்ச்சல் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ரெண்டு நுனியும் ஒட்டுன மாதிரி பிடிச்சு ஸ்பூனால மெதுவா கலக்கிக்கிட்டே இருப்பேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் 32க்கு கீழ காட்டாது, அதனால 35 பக்கம் பிடிச்சுக்கணும். ஃபாரன்ஹீட் உள்ளதுன்னா 95. ஒண்ணரை வித்தியாசம்னா எஸ்.டி.சியில ப்ரோப் அளவை திருத்துற எஃப்4 செட்டிங்ல அத சரி பண்ணிரலாம். சமைக்க எடுக்குற தம்ளர் வேண்டாம், தனியா ஒண்ணு வச்சுக்கோங்க.

மார்த்தாண்டம்காரன்
பண்ணிப் பாத்தேன். ஒரு ப்ரோப் சரியா இருந்துச்சு, இன்னொண்ணு 1.2 குறைச்சு காட்டுச்சு, எஃப்4ல சரி பண்ணியாச்சு. வெளிய தொங்க விட்டும் பாத்தேன், ரெண்டாவது கட் நிறுத்துச்சு. 60 வாட் மாத்தினதுக்கு அப்பறம் குகை கூரை 34, உள்ள தரை 32, குளிர்ந்த பக்கம் 27.

இன்னொரு விஷயம். எஸ்.டி.சியில கூலிங் பக்கம் சும்மா கிடக்குதே, அதுல ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் மாட்டினா ஏப்ரல்ல உதவுமா?

தக்கலை வயர்மேன்
அதே எஸ்.டி.சியில வேண்டாம். அதுல செட்டிங் ஒண்ணுதான், நீ 32, எஃப்2 (எத்தனை டிகிரி விலகினா போடணும்ங்கிற செட்டிங்) அரைன்னு வச்சா 31.5ல ஹீட்டர் போடும், 32.5ல ஃபேன் போடும். செராமிக் அணைஞ்சதுக்கு அப்பறமும் கொஞ்ச நேரம் சூடு விடும், அப்ப 32.5 தாண்டும், ஃபேன் ஓடும், சூடு இறங்கும், ஹீட்டர் போடும், ரெண்டும் மாறி மாறி சண்டை போட்டுக்கிட்டு கிடக்கும். ஃபேனுக்கு தனி 1209 வை, 12 வோல்ட் ஃபேனுக்கு அது பாகமா இருக்கும், பி0 சி, ப்ரோப் குளிர்ந்த பக்கம், 30ல செட் பண்ணு.

கோட்டாறு வெட்
ஃபேன் ரூமில் உள்ள காத்தைத்தான் உள்ள தள்ளும், ரூம் 34 இருந்தா பெட்டியும் 34தான். மாடி ரூமுக்கு உண்மையான வழி ஏப்ரல் மே மட்டும் பெட்டியை கீழ்த் தளத்துக்கு இறக்குறதுதான், இல்ல மொட்டை மாடியில தென்னை ஓலை பரப்புங்க, வெள்ளை கூல் பெயின்ட் அடிங்க. பெட்டி முழுக்க 35க்கு மேல நிக்க விடாதீங்க. அகலமான தண்ணிக் கிண்ணம், அது முழுசா உள்ள இறங்கிப் படுக்குற மாதிரி.

முட்டம் கரை
கரண்ட் போனா என்ன பண்றதுன்னும் சொல்லிருங்க. ஒக்கி புயல் சமயம், 2017 நவம்பர் கடைசியில, எங்க பக்கம் நாள் கணக்குல கரண்ட் இல்ல.

குலசேகரம் ரப்பர்
எங்க பக்கம் ரப்பர் மரம் பூரா சாய்ஞ்சு போஸ்டும் கம்பியும் ரோட்டுல கிடந்துது. டிராகனை துணிப்பைக்குள்ள போட்டு, சுடுவெள்ளம் ஊத்தின பாட்டிலை துண்டுல சுத்தி பக்கத்துல வச்சு தெர்மாகோல் பெட்டிக்குள்ள வச்சோம். தீனி குடுக்கல. நம்ம ஊர்ல 23, 24ல ரெண்டு நாள் தீனி இல்லாம கிடந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. கரண்ட் இல்லாத நேரம் எலி குடுக்கக் கூடாது, அதுதான் வயித்துல அழுகும்.

நாகர்கோவில் பெட் ரூம்
இன்வெர்ட்டர்ல ஓட்டணும்னா 60 வாட் தாராளமா ஓடும். எஸ்.டி.சி மாதிரி ரிலே வகைக்கு சதுர அலை இன்வெர்ட்டரும் பரவால்ல. டிம்மிங் தெர்மோஸ்டாட் வச்சிருந்தா சைன் வேவ்தான் வேணும், இல்லன்னா தாறுமாறா ஓடும். செலவுன்னு பாத்தா 60 வாட் நாள்ல பாதி நேரம் ஓடினா முக்கால் யூனிட் கூட வராது.

மார்த்தாண்டம்காரன்
எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி. பையனை புதுப் பெட்டிக்கு மாத்திட்டேன், சூடான பக்க குகையிலதான் சுருண்டு கிடக்கான், சாயங்காலம் வெளிய வந்து சுத்தினான். தீனி இப்ப குடுக்கல, ஒரு வாரம் கழிச்சு குடுக்குறதா இருக்கேன். கடைசியா ஒண்ணு, ரெண்டாவது கட்டை இப்ப 36ல வச்சிருக்கேன், அதோட எஃப்2வும் அரைதான். அது சரியா, இல்ல கூட்டணுமா?

தக்கலை வயர்மேன்
36 சரி. எஃப்2வை மட்டும் அஞ்சுக்கு ஏத்து. அரையில வச்சா முதல் ரிலே ஒட்டிக்கிட்ட பிறகு இது தெர்மோஸ்டாட் வேலையை எடுத்துக்கிட்டு 35.5லயும் 36லயும் ஓட்டிக்கிட்டே இருக்கும், உனக்கு ஒரு மாசம் தெரியாது. அஞ்சுல வச்சா 31க்கு இறங்கினாத்தான் மறுபடி போடும், சூடு ஏறி ஏறி இறங்குறது திரையில கண்ணுல படும். எஃப்2 நீ மாத்துறப்ப எஸ் பட்டனை மூணு செகண்ட் பிடிச்சு, மாத்தினதுக்கு அப்பறம் பவர் பட்டனை ஒரு தட்டு தட்டி சேவ் பண்ணு, இல்லன்னா பழையதுக்கே போயிரும்.